ஜாமீனில் போன முந்திரிக்கொட்டை

என் வெள்ளை டெரிலின் சட்டையை உங்களுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. அரியலூரில் எல்லோருக்கும் தெரியும். கல்யாணம், காதுகுத்து, மேலதிகாரி வருகை — எல்லாவற்றுக்கும் அது ஒன்றுதான். போன ஞாயிற்றுக்கிழமையோடு அதன் பொது வாழ்க்கை முடிந்துவிட்டது. இடது பக்கம், நெஞ்சுக்கு நேராக, உள்ளங்கை அகலத்துக்குப் பழுப்பாக ஒரு கறை.

"யாராவது துப்பாக்கியால சுட்டுட்டாங்களா சார்?" என்று ஆபீசில் கேட்டார்கள்.

சுட்டிருந்தால் மரியாதையாகவாவது இருந்திருக்கும்.

மதராஸிலிருந்து என் அக்கா சகுந்தலா ஒரு காதுகுத்துக்காக வந்திருந்தாள். கூடவே மகள் வசந்தி. நாலாம் வகுப்பு. வழக்கமாக ரிக்‌ஷாவிலிருந்து இறங்கும் முன்னே பேச ஆரம்பிக்கிற பெண். இந்தத் தடவை வாயே திறக்கவில்லை. ஜவ்வுமிட்டாய் வாங்கித் தருவதாகச் சொல்லிப் பார்த்தேன். ம்ஹூம். பாட்டுப் பாடுவதாகப் பயமுறுத்தினேன். அதற்கும் அசையவில்லை. கடைசியில் பெட்டியிலிருந்து ஒரு படத்தை எடுத்து நீட்டினாள்.

பள்ளிக்கூடத்தில் ஆளுக்கொரு பழம் வரையச் சொல்லியிருக்கிறார்கள். மற்றவர்கள் எல்லாம் மாம்பழம், ஆப்பிள் என்று பத்திரமாக வரைந்துவிட்டார்கள். இவள் வரைந்தது முந்திரிப்பழம். மஞ்சளாக ஒரு பழம், அதன் அடியில் — வெளியே — ஒரு கொட்டை தொங்குகிறது. வகுப்பே சிரித்திருக்கிறது.

"பழத்துக்கு மூக்கு வெச்சிருக்காடி" என்றாளாம் பக்கத்து பெஞ்ச் அனுராதா. "கொட்டை உள்ளதான் இருக்கும். வெளியில இருக்குன்னு யாரு சொன்னா?"

"எங்க மாமா."

"உங்க மாமா என்ன பண்றாரு?"

"பத்திரிகையில வேடிக்கையா எழுதுறாரு."

அதோடு கேஸ் தோற்றுப்போயிற்று.

டீச்சர் நியாயமானவர். அவரும் முந்திரிப்பழத்தைக் கண்ணால் பார்த்ததில்லையாம். அதனால் மார்க் போடாமல், படத்தின் பக்கத்தில் சிவப்பு மையில் ஒரு கேள்விக்குறி போட்டு, "ஊருக்குத்தானே போறே? ஒண்ணு கொண்டு வந்து திங்கக்கிழமை காட்டு. பாத்துட்டு மார்க் போடறேன்" என்று சொல்லிவிட்டார். மார்க் கிடக்கட்டும். அன்றிலிருந்து வகுப்பில் வசந்திக்குப் பெயர் புளுகுமூட்டை.

நாலாம் வகுப்பில் ஒட்டுகிற பெயர் லேசில் உதிராது. எனக்கு அந்த வயதில் ஒட்டிய பெயர் ஒன்று இருக்கிறது. என் மனைவி சரோஜாவும் இந்தப் பத்தியைப் படிக்கிறாள் என்பதால் அதை இங்கே சொல்வதற்கில்லை.

"இவ்வளவுதானே? மாமா எதுக்கு இருக்கேன்?" என்றேன்.

"அதான் பயமா இருக்கு" என்றது சமையல்கட்டிலிருந்து சரோஜாவின் குரல்.

ஞாயிறு ராத்திரி ரயிலில் அவர்கள் திரும்ப வேண்டும். முந்திரிப்பழம் ஒரு ரோஷக்காரப் பழம். பறித்தால் அடுத்த நாளே முகம் சுருங்கிப் போகும். ஆக, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பறித்தால்தான் திங்கட்கிழமை காலை வகுப்பில் கொஞ்சமாவது உயிரோடு இருக்கும். காதுகுத்து சனிக்கிழமையோடு முடிந்துவிட, மறுநாள் டெரிலின் சட்டையை மாட்டிக்கொண்டு வசந்தியோடு உடையார்பாளையம் பஸ்ஸில் ஏறினேன். தோப்புக்குப் போக வெள்ளைச் சட்டை எதற்கு என்று சரோஜா கேட்டாள். கேட்டாள்... யார் காதில் வாங்கியது?

பஸ்ஸில் பாடத்தை ஆரம்பித்துவிட்டேன். செம்மண் போதும், தண்ணீர் பாய்ச்ச வேண்டாம், மழையைக் குடித்தே வளரும்; தை, மாசியில் பூக்கும், அப்போது வானம் மூட்டம் போட்டால் பூ கருகிவிடும்; பங்குனியில் பழம்... கண்டக்டர்கூட டிக்கெட் கிழிப்பதை நிறுத்திவிட்டு என் பக்கத்தில் வந்து நின்றார். அடடா, என்ன ஆர்வம் என்று நினைத்தேன்.

"சார், நீங்க எறங்க வேண்டிய எடம் தாண்டிப் போயிடுச்சு" என்றார்.

பங்குனி வெயிலில் வந்த வழியே நடந்தோம். நடக்கிற நேரத்தை வீணாக்குவானேன் என்று மிச்சப் பாடத்தையும் நடத்தினேன்.

முந்திரிக் காட்டில் ஒரு வழக்கம் உண்டு. வேலி பெயருக்குத்தான். போகிற வருகிற யார் வேண்டுமானாலும் உள்ளே நுழையலாம். வயிறு கொள்ளுமட்டும் பழம் தின்னலாம். ஏன் என்று கேட்க ஆளில்லை. ஆனால் கொட்டையைத் திருகி, அதே மரத்தடியில் வைத்துவிட்டுத்தான் வெளியே வர வேண்டும். பொழுது சாய்கிற நேரத்தில் தோப்புக்காரர்கள் கூடையோடு வந்து மரம் மரமாக அள்ளிக்கொள்வார்கள். யோசித்துப் பாருங்கள் — வீட்டுக்குள் நுழைந்தவன் பீரோவைத் துடைத்து வைத்துவிட்டு, மோரை மட்டும் குடித்துவிட்டுப் போவது மாதிரி.

"யாருமே பாக்கலைன்னாகூடவா மாமா?"

"யாரும் பாக்கலைன்னாலும் வெக்கணும். அதாம்மா நம்ம ஊரு."

சொல்லும்போது எனக்கே மார்பு விம்மியது. இந்த வசனத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் என்னைக் கடிக்கப்போகிறது.

சிக்கல் என்னவென்றால், எங்களுக்கு வேண்டியது கொட்டையோடு கூடிய பழம். கேட்டு வாங்கிக்கொள்ளலாமே என்பீர்கள். வாங்கலாம்தான். ஆனால் அந்தத் தோப்பைக் குத்தகைக்கு எடுத்திருப்பது பூங்காவனத்தக்கா. போன வருஷம் இதே பத்தியில், உடையார்பாளையம் பக்கம் போனால் முந்திரிப்பழம் இலவசம் என்று எழுதியிருந்தேன். பழம் என்றுதான் எழுதினேன். கொட்டை என்று எழுதவில்லை. வாசகர்கள் கும்பல் கும்பலாகப் போயிருக்கிறார்கள். அதில் சில பேர் கொட்டையையும் மடியில் கட்டிக்கொண்டு வந்திருக்கிறார்கள். உங்களில் யார் என்று நான் கேட்கவில்லை. அன்றைக்கே பூங்காவனத்தக்கா எனக்கு ஆள் மேல் ஆள் சொல்லி அனுப்பிவிட்டது: "இனிமே ஒரு கொட்டை வெளிய போவாது. அந்தப் பத்திரிகைக்காரரு கையால போனாலும் சரி."

தோப்பு வாசலில், முதல் மரத்து நிழலில், பழக் குவியலுக்கு நடுவே அக்கா உட்கார்ந்திருந்தது. ஒவ்வொரு பழமாக எடுத்து, ஒரே திருகு. கொட்டை ஒரு பக்கம், பழம் ஒரு பக்கம். புளித்த வாடை தோப்பு முழுக்க வீசிக் கிறுகிறுக்க வைத்தது. உதிர்கிற பழம் கண்ணில் படுவதற்காக மரத்தடியெல்லாம் சருகு இல்லாமல் கூட்டப்பட்டு, கல்யாண வீட்டு வாசல் மாதிரி இருந்தது.

"வாங்க பத்திரிகைக்காரரே. இந்த வருஷம் இன்னும் எழுதலியா? ரெண்டு பஸ்ஸு கூட்டம் கொறையுதே."

நான் சிரித்து வைத்தேன். அந்த நேரம் பார்த்து, கங்கைகொண்ட சோழபுரம் கோயிலைப் பார்த்துவிட்டு வந்த ஒரு குடும்பம் வெளியே போய்க்கொண்டிருந்தது. கண்ணாடி போட்ட ஒரு மனிதர், ஊரில் காட்ட ஒரே ஒரு பழம் கொட்டையோடு வேண்டும் என்று குழைந்தார்.

"அவருக்கு ஒண்ணு, இவருக்கு ஒண்ணுன்னு குடுத்தா எனக்குக் கடேசில எலதாங்க மிஞ்சும்" என்றது அக்கா. மனிதர் கும்பிடு போட்டுவிட்டு நடந்தார். நுனிநாக்கு வரை வந்திருந்த என் கோரிக்கையும் அவரோடு கிளம்பிப் போய்விட்டது.

உள்ளே போனோம். வசந்திக்கு எட்டுகிற உயரத்திலேயே கிளைகள் தாழ்ந்திருந்தன. நான் தொண்டையைக் கனைத்துக்கொண்டேன்.

"மொதல்ல பூ. பூ உதிர்ந்து பழம். பழம் நல்லா முத்தினப்புறம் அதுக்கு அடியில கொட்டை எட்டிப் பாக்கும். புரியுதா?"

அவள் ஒரு கொத்தைப் பிடித்து உற்றுப் பார்த்தாள். "மாமா, இதுல பழமே இல்ல. கொட்டை மட்டும் பச்சையா தொங்குது."

"பழத்த அணில் தின்னிருக்கும்."

"இதுலயும் பழம் இல்ல. இதுலயும்."

"நெறைய அணில் இருக்கும்மா இந்தப் பக்கம்."

அவள் விடவில்லை. கொத்து கொத்தாகப் புரட்டினாள். "இங்க பாருங்க, இதுல கொட்டைக்கு மேல குட்டியூண்டு பழம். இதுல கொஞ்சம் பெருசு. இதுல பெரிய பழம். மாமா, கொட்டைதான் மொதல்ல வருது. அப்புறம்தான் மேல பழம் ஊதுது."

குனிந்து பார்த்தேன். உண்மைதான். பிறந்ததிலிருந்து முந்திரிக்கு நடுவே திரிகிறவன் நான். தின்னும்போது யார் வரிசை பார்க்கிறார்கள்?

"அதைத்தான் நானும் சொல்ல வந்தேன்."

"நீங்க அணில்னு சொன்னீங்க."

"அணிலும் உண்டு."

பழம் தின்றோம். முதல் பழம் தேன். இரண்டாவது பழத்தில் தொண்டை கமறும். மூன்றாவதில் குரல் மாறி மைக் செட்காரர் மாதிரி பேசுவோம். வசந்தி ஒவ்வொரு கொட்டையையும் திருகி மரத்தடியில் வரிசையாக அடுக்கினாள். உருண்டு போன ஒன்றைக்கூட எழுந்து போய் எடுத்து வந்து வைத்தாள்.

இனி குற்றம் நடந்த விதம்.

நல்ல மஞ்சள் பழம், கொட்டை கொழுகொழுவென்று — கைக்கு எட்டியது. சுற்றும் முற்றும் பார்த்தேன். ஒரு பசுமாட்டைத் தவிர யாருமில்லை. அது சாட்சி சொல்லாது. பறித்து வசந்தி கையில் கொடுத்தேன்.

"பையில துண்டுக்கு அடியில வெச்சுக்க."

"கேக்காமயா?"

"கேட்டா குடுக்க மாட்டாங்கம்மா. ஒண்ணே ஒண்ணுதானே. உனக்காகத்தான்."

"யாரும் பாக்கலைன்னாலும்னு சொன்னீங்களே மாமா..."

"அது பொதுவா சொன்னது."

அவள் என் முகத்தைப் பார்த்தாள். பழத்தைப் பார்த்தாள். "தண்ணி குடிச்சிட்டு வரேன்" என்று பையையும் பழத்தையும் எடுத்துக்கொண்டு அக்காவின் பானை இருக்கிற பக்கம் போனாள். போனவள் திரும்பி வர வெகுநேரம் ஆயிற்று. வந்தபோது கையில் முந்திரி இலைகள் சுற்றிய ஒரு பொட்டலம்.

"மாமா, இத நீங்களே வெச்சுக்குங்க. எனக்குப் பயமா இருக்கு."

சின்னப் பெண், பாவம். நான் பொட்டலத்தை வாங்கிச் சட்டைக்குள், பனியனுக்கு மேலே, நெஞ்சோடு சேர்த்துக் கையால் தாங்கி ஒளித்துக்கொண்டேன். வாசலுக்கு வந்தோம்.

"கெளம்பிட்டீங்களா? ஒக்காருங்க, என்னா அவசரம்" என்றது பூங்காவனத்தக்கா.

"பஸ்ஸு..."

"பஸ்ஸு எங்கயும் போவாது. ஒக்காருங்க."

உட்கார்ந்தேன். கைக்கு அடியில் ஏதோ பிதுங்கியது.

"அந்தக் கூடைய செத்த எடுத்துக் குடுங்க."

குனிந்தேன். பச்சக் என்று ஒரு சத்தம். எனக்கு மட்டும்தான் கேட்டது என்று நம்பினேன்.

"என்னாங்க, கைய நெஞ்சுலயே வெச்சிருக்கீங்க. வலியா?"

"பழக்கங்க."

"சட்டை ஈரமாவுதே."

"வேர்வை."

"வேர்வை மஞ்சளாவா வரும்?"

"எனக்கு அப்படித்தான். சின்ன வயசுலேருந்து."

அக்கா வாயை முந்தானையால் துடைத்துக்கொண்டது. வசந்தி முதுகைக் காட்டித் திரும்பி நின்றிருந்தாள். தோள் குலுங்கியது. பயத்தில் அழுகிறாள் என்று எனக்கு நெஞ்சு பதறியது. அந்த நெஞ்சின் மேலேதான் சாறு வழிந்துகொண்டிருந்தது.

"போயிட்டு வா கண்ணு. சொன்னது ஞாபகம் இருக்குல்ல?" என்றது அக்கா.

"இருக்கு அத்தை."

என்ன ஞாபகம், எந்த அத்தை என்றெல்லாம் யோசிக்கிற நிலையில் நான் இல்லை. விழுந்தடித்து ரோட்டுக்கு வந்தேன்.

பஸ் கிளம்பி, தோப்பு கண்ணுக்கு மறைந்த பிறகுதான் மூச்சே வந்தது. வெற்றி வீரனாகச் சட்டைக்குள் கையை விட்டுப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்தேன். உள்ளே கூழ். கூழில் விரலை விட்டுத் துழாவினேன். கொட்டை இல்லை.

"கொட்டை எங்க?"

"அப்பவே திருகி அத்தைகிட்ட குடுத்துட்டேன் மாமா."

"அத்தைகிட்டயா? என்னன்னு சொல்லிக் குடுத்தே?"

"எங்க மாமா பறிச்சாருன்னு."

ஜன்னல் வழியாகக் குதித்துவிடலாமா என்று பார்த்தேன். கம்பி போட்டிருந்தது.

"ஏம்மா... அதுக்குத்தானே வந்தோம்? நாளைக்கு கிளாஸ்ல எதைக் காட்டுவே?"

அவள் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "ஏற்கெனவே புளுகுமூட்டைன்னு பேரு. திருடின்னு வேற வேணுமா மாமா?"

நான் கூழ் ஒட்டிய விரலைச் சட்டையிலேயே துடைத்துக்கொண்டேன்.

மெதுவாக அவளே பையைத் திறந்தாள். துண்டுக்கு அடியில் ஈரத்துணி. ஈரத்துணிக்குள் ஒரு சின்னக் கிளை. நுனியில் பூ. அதை அடுத்து பழமே இல்லாத பச்சைக் கொட்டை. அதை அடுத்து, குட்டியூண்டு பழம் முளைத்த கொட்டை. கடைசியாக, மஞ்சள் பழம் ஒன்று — அடியில், வெளியே, மூக்கு மாதிரி கொட்டையோடு. நான் அணில் அணில் என்று உளறிய பாடம் முழுவதும் ஒரே குச்சியில் வரிசையாக உட்கார்ந்திருந்தது.

"எப்படிம்மா?"

"டீச்சர் கேள்விக்குறி போட்டதையெல்லாம் சொல்லி, கேட்டேன். அத்தையே தேடிப் புடிச்சு ஒடிச்சுக் குடுத்தாங்க." பிறகு பூங்காவனத்தக்கா மாதிரியே குரலை மாற்றிக்கொண்டு, "'இது குடுக்கறது இல்ல பாப்பா, காட்டறதுக்கு. பழத்த யாரு வேணா தின்னுக்கட்டும். கொட்டை அத்தனையும் இங்க மரத்தடிக்கு வந்துடணும்'னு சொன்னாங்க."

"வரலைன்னா?"

"நீங்கதான் ஜாமீனாம். கொட்டைய நீங்களே நேர்ல கொண்டாந்து வெக்கணுமாம். இதே சட்டையோட."

"அப்ப, வாசல்ல உக்கார வெச்சுக் கேள்வி கேட்டது...?"

"'நீ ஒண்ணும் சொல்லாத பாப்பா, செத்த நேரம் வேடிக்கை பாக்கலாம்'னு சொன்னாங்க." வசந்தியின் தோள் மறுபடி குலுங்க ஆரம்பித்தது. அது அழுகை இல்லை என்று இப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

குழந்தைகளுக்குப் பாடம் சொல்வதில் ஓர் ஆபத்து இருக்கிறது. சில சமயம் அவர்கள் கேட்டுக்கொண்டு விடுகிறார்கள். நாம் ஏதோ நடக்கிற வழிக்கு ஒரு பேச்சாக, நாலு பேர் மெச்சட்டும் என்று சொல்லி வைக்கிறோம். அது நமக்கும் சேர்த்துத்தான் என்று அவர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். நமக்கு யார் விதிவிலக்கு கொடுத்தார்கள் என்று யோசித்தால்... நாமேதான் கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.

அன்று ராத்திரி ரயிலில் வசந்தி அந்தப் பையை அம்மாவிடம்கூடக் கொடுக்கவில்லை. மடியில் வைத்துக்கொண்டு, ஜன்னல் வழியாக எனக்கு ஒரு கையால் மட்டும் டாட்டா காட்டினாள்.

வீட்டில் சரோஜா சட்டையைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள். "முந்திரிப்பழக் கறை. சீசன் முடிஞ்சாத்தான் போகும்பாங்க."

"எந்த சீசன்?"

"உங்க சீசன்."

புதன்கிழமை ஆபீசுக்கு ட்ரங்க் கால். சகுந்தலா அக்காவின் வீட்டுக்காரர் பேசிவிட்டு வசந்தியிடம் போனைக் கொடுத்தார்.

"மாமா, கேள்விக்குறிய அடிச்சிட்டாங்க. படத்த சுவத்துல ஒட்டியாச்சு."

"அனுராதா என்ன சொன்னா?"

"பழம் கொஞ்சம் சுருங்கிப் போச்சு. பரவால்லன்னு அவகிட்டதான் குடுத்தேன். தின்னா. சாயந்திரம் வரைக்கும் இருமிக்கிட்டே இருந்தா. யூனிபார்ம் பூரா கறை." அந்தக் குரலில் இருந்த நிம்மதியை என்னால் எழுத்தில் கொண்டுவர முடியாது.

"கொட்டை?"

"அவ கேட்டா மாமா. தர மாட்டேன்னுட்டேன். அது மரத்தடிக்குப் போகணும்னு சொன்னேன். இங்கேருந்து யாரு பாக்கப் போறாங்கன்னு கேட்டா."

"நீ என்ன சொன்னே?"

"யாரும் பாக்கலைன்னாலும் வெக்கணும், அதான் எங்க மாமா ஊருன்னு சொன்னேன்."

பழக்க தோஷம், கை தானாக நெஞ்சுக்குப் போயிற்று. லைன் கட்டாகிவிட்டது. நல்லவேளை, எனக்கும் தொண்டை கமறிக்கொண்டிருந்தது. பழம் தின்று இத்தனை நாள் கழித்தும் கமறுமா என்ன?

நேற்று பார்சல் வந்தது. பஞ்சு வைத்து அடைத்த தீப்பெட்டி. உள்ளே முற்றின கொட்டை ஒன்று, வாடிப்போன பச்சைக் கொட்டைகள் இரண்டு. சரோஜா எட்டிப் பார்த்துவிட்டு, "இந்தப் பெரிசை மட்டும் சுட்டுடலாமா?" என்றாள். பத்திரிகைக்காரன் இல்லையா, ஒரு நிமிஷம் நானும் யோசித்தேன். வீட்டில் வேறு யாரும் இல்லை.

நீங்கள் இதைப் படிக்கிற ஞாயிற்றுக்கிழமை காலை, உடையார்பாளையம் பஸ்ஸில் கறைபட்ட வெள்ளைச் சட்டையோடு, ஒரு தீப்பெட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு யாராவது ஏறினால் கொஞ்சம் நகர்ந்து உட்காருங்கள்... ஜாமீன்தாரர் வருகிறார்.